மாப்பிள்ளைக்குப் பதிமூன்று அங்குலப் பாதம்

உத்திரமேரூர்,
14-5-1961, ஞாயிறு.

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான மைத்துனர் ஞானதாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை மார்த்தாளின் வீட்டுக்காரன் சாமுவேல் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

வாலாஜாபாத்தில் நீங்களும் பிள்ளைகளும் நீங்கள் ஃபிட்டராக இருக்கிற ரைஸ் மில்லும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் முறை. ஆனால் ஆராதனை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், வந்த கையோடு பொய் எழுத மனம் வரவில்லை. இங்கே ஒருவரும் சுகமில்லை. மார்த்தாள் என்னோடு பேசுவதில்லை. மகள் ஜெயம்மாள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. எனக்குக் காலில் செருப்பில்லை, கையில் குடையில்லை. இத்தனைக்கும் காரணம் தாங்கள்தான் என்று மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜெயம்மாளின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் ஊரான பெருநகரில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பாதிரியாரும் உட்கார்ந்திருந்த சபையில் எழுந்து நின்று, "கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை பஸ்ஸ வுட்டு எறங்கி, எங்க ஊரு கடைத்தெரு வழியா பூட்ஸ் போட்டுக்கினு சர்ச்சுக்கு நடந்து வருவாரு, பூட்ஸு நான் வாங்கித் தரேன்" என்று சொன்னேன், நீங்கள்தான் முதலில் கை தட்டினீர்கள். மாப்பிள்ளை அருள்தாஸ் கேட்கவே இல்லை. பாவம், மின்சார இலாகாவில் வெறுங்காலோடு கம்பம் ஏறுகிற பையன், பூட்ஸ் போட்டால் வழுக்குமே என்றுதான் நினைத்திருப்பார். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கடைத்தெருவில் நீங்களும் நானும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோம். சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நம்முடைய கால்தான் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறது. மகள் கல்யாணத்திலாவது நம் தெருவுக்கு வருகிற ஒருவர் அங்கே டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டு நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதற்கு அனுபவிக்கிறேன்.

சம்பந்தியம்மாள் அன்றைக்கே துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, உள்ளே போய் மாப்பிள்ளையின் காலில் வைத்து அளவாகக் கிள்ளி, தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் செருப்புக்கு அளவென்றால் அதுதானே. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் பைபிளோடு வைத்தேன். எல்லப்பன் மாதிரி ஒரு சின்னக் கடைக்காரரிடம் (எல்லப்பன் யார் என்று பிறகு சொல்கிறேன்) ஈர்க்கைக் கொடுத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அதற்குள் உங்கள் கடிதம் வந்தது. "சின்னக் கடைங்களுக்குப் போயி அலையாதீங்க மச்சான், லைட்ஹவுஸ் கம்பெனிக் கடைக்குப் போங்க, ஊருக்கு ஊர் பிராஞ்ச் வெச்சிக்கிறான், நீ யாருன்னுகூட கேக்க மாட்டான்" என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான் மச்சான். கேட்கவே இல்லை.

போன திங்கட்கிழமை பெட்டியைத் திறந்து ஈர்க்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தாகம். பாண்டுரங்கன் என்று ஒருவர் அங்கே சின்னதாக சோடாக் கடை வைத்திருக்கிறார். சோடாவை உடைப்பதற்கு முன்னால் அவர் என்னைப் பற்றி விசாரித்த விசாரிப்பு இருக்கிறதே, என் கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி விசாரித்ததில்லை. எந்த ஊரு, இன்னா ஜோலியா வந்தீங்க, பொண்ணுக்குக் கல்யாணமா, மாப்பிள்ளைக்கு இன்னா உத்தியோகம், கரெண்ட் ஆபீஸா பேஷ் பேஷ், உத்திரமேரூர்ல எந்தப் பக்கம், ஸ்கூல் பக்கம்னா ஸ்கூலுக்கு இந்தாண்டயா அந்தாண்டயா, எந்தத் தெரு என்று வரிசையாகக் கேட்டார். நானும் வரிசையாகச் சொன்னேன். தெருவைச் சொன்னதும், என் கையில் கொடுக்க நீட்டிய சோடாவைப் பலகைமேல் வைத்து, "எட்த்துக்க" என்றார். மீதிச் சில்லறையையும் அப்படியே பலகைமேல் வைத்தார். ஒரு மனிதனைப் பற்றி அவ்வளவு விவரம் தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்தாற்போல் நடப்பதற்கு ஒரு கம்பெனிக்காரனுக்கு வருமா?

அங்கிருந்து கம்பெனிக் கடைக்குப் போனேன். மஞ்சள் போர்டு, அதில் ஒரு லைட்ஹவுஸ் படம், உள்ளே ஃபேன். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். செருப்புக் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற மனுஷனை உலகத்தில் பார்த்ததுண்டா என்று மார்த்தாள் கேட்கிறாள். கடை வாசல் என்றால் கழற்றிப் பழகிய கால், அது என்னைக் கேட்டா கழற்றுகிறது? கழுத்தில் ஒரு நீலத் துணியைத் தொங்கவிட்ட ஆள் வந்து, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றான். எனக்குப் பின்னால் யாரோ வாத்தியார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் மிஷன் ஸ்கூலில் மணி அடித்தேன், இந்த ஊரிலுள்ள அத்தனை பேரையும் நான் சார் என்று கூப்பிட்டிருக்கிறேன், ஒருத்தரும் திருப்பிச் சொன்னதில்லை. பின்னால் யாருமில்லை. சரி, ஆள் தெரியாமல் கூப்பிடுகிறான் என்று உட்கார்ந்தேன். மெத்தை வைத்த நாற்காலி.

எந்த ஊர் என்று கேட்பான், எல்லாவற்றையும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என்ன விசேஷம் என்று கேட்பான் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. "என்ன சைஸ் சார்?" அவ்வளவுதான் பேச்சு. நானாகவே நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்து, பாதிரியார் சிரித்தது, நீங்கள் கை தட்டியது எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன், அவன் நின்றுகொண்டே கேட்டான், ஆனால் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை. ஈர்க்கை எடுத்துக் கொடுத்தேன். அதை ஒரு ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டு, "பதிமூணு அங்குலம் வருது சார், இந்த சைஸ் கம்பெனியில பண்றதில்ல, குச்சிய நம்பாதீங்க, ஆளையே கூட்டிட்டு வந்துடுங்க" என்றான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைக் கடை கடையாகக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்வதா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடுவில் என் காலிலேயே ஒரு ஜோடி போட்டுப் பார்த்தான், அந்த விஷயம் இங்கே வேண்டாம். "செங்கல்பட்டு பிராஞ்ச்ல வேணா கேட்டுப் பாருங்க சார்" என்றான். விறுவிறு என்று வெளியே வந்து பார்த்தால் என் செருப்பைக் காணோம். யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். செருப்புக் கடை வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு, காஞ்சிபுரத்து மே மாத வெயிலில், பொரிகிற தார் ரோட்டில் நான் குதித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியதைப் பாண்டுரங்கன் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம்தான் முன்பே கேட்டாகிவிட்டதே. பஸ் ஏறிப் பாதி வழி வந்த பிறகுதான் குடை ஞாபகம் வந்தது, அதையும் கடை மூலையில் சாத்திவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டு. போகிறபோது பஸ்ஸில் போனேன், திரும்புகிறபோது ரயிலில் வந்தேன். வாலாஜாபாத் ஸ்டேஷனில் வண்டி நின்றது, இறங்கி உங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வார்த்தை கேட்க வேண்டுமென்று இருந்தது, வெறுங்காலோடு மைத்துனர் வீட்டு வாசலில் நிற்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

செங்கல்பட்டில் லைட்ஹவுஸ் கடைக்குள் நுழைந்தால் எனக்குத் தலை சுற்றிவிட்டது. அதே மஞ்சள் போர்டு, அதே நாற்காலி, அதே நிலைக்கண்ணாடி, அதே காலண்டர், கழுத்தில் அதே நீலத் துணியோடு ஓர் ஆள். ஏறின பஸ் சுற்றிக்கொண்டு திரும்பவும் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டதோ என்று வெளியே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். பிறகு, "தம்பி, நேத்து வெச்சிட்டுப் போன கொடைய எடு" என்றேன்.

"எந்தக் குடை சார்?"

"உங்க கடையிலதான்பா வெச்சேன். அதோ அந்த மூலையில."

இரண்டு பேரும் போய் மூலையைப் பார்த்தோம். மூலை அதேதான். குடை இல்லை.

"நீங்க காஞ்சிபுரம் பிராஞ்ச்ல வெச்சிருப்பீங்க சார். அது வேற கடை."

"கம்பெனி ஒண்ணுதானே?"

"கம்பெனி ஒண்ணுதான் சார், கடை வேற."

"போர்டு ஒண்ணு, நாற்காலி ஒண்ணு, நீ கழுத்துல கட்டிக்கினு கீறது ஒண்ணு, என் கொடை மட்டும் வேறயா?"

அவன் மறுபடியும் மூலையைப் பார்த்தான். நீங்களே சொல்லுங்கள் மச்சான், காவாந்தண்டலம் மளிகைக் கடையில் நான் மறந்து வைத்த பை, அந்தக் கடைக்காரரின் தம்பி உத்திரமேரூரில் வைத்திருக்கிற கடைக்குச் சாயங்காலத்துக்குள் வந்து சேருகிறதா இல்லையா? ஒரே பெயரில் கடை வைத்துக்கொண்டு ஒருத்தன் குடை இன்னொருத்தனுக்குத் தெரியாது என்றால் அது என்ன உறவு? நேற்று நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்து சொன்ன கதையும் இவனுக்குத் தெரியவில்லை. மறுபடியும் நிச்சயதார்த்தத்திலிருந்து ஆரம்பித்தேன்.

இனிமேல்தான் நான் எழுதத் தயங்குகிற விஷயம். அவன் ஈர்க்கை வாங்கி ஸ்கேலில் வைத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கிட்ட வந்து குரலைத் தணித்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார், மாப்பிள்ளைக்கு யானைக்கால் இருக்குதா? எங்க பெரியப்பாவுக்கு இருக்குது, அவருக்கும் சைஸ் கெடைக்கிறதில்ல, அதான் கேட்டேன்" என்றான். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான். நான் அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் பக்கத்தில் அது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா? நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை முழு நீள பேன்ட் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவே இல்லை. மரியாதைக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். சம்பந்தியம்மாள் எதற்காக உள்ளே போய் அளவெடுத்தார்கள்? எல்லார் முன்னாலும் எடுத்தால் என்ன?

வெளியே வந்து எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் நடந்தபோதுதான் ஸ்டேஷன் ரோட்டில் எல்லப்பன் கடை கண்ணில் பட்டது. கடை என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து காலை நீட்ட முடியாத இடம். அவரும் எல்லாம் கேட்டார், நானும் எல்லாம் சொன்னேன், தெருவைச் சொன்னதும், "அப்படிச் சொல்லு அண்ணாத்தே, நம்ம ஜனம்" என்று தான் உட்கார்ந்திருந்த சாக்கை எனக்குப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். ஈர்க்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பதிமூணு அங்குலமா? இருக்கட்டுமே. தோலு கீது, கை கீது, இல்லன்னு சொல்ல நான் இன்னா கம்பெனியா? ராஜா காலு இது" என்றார். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார், ரெண்டு காலும் இதே அளவுதானா என்று. ஒரு ஈர்க்குதான் கொடுத்தார்கள் என்றேன். "அப்போ ரெண்டையும் ஒண்ணாவே அடிச்சிடறேன்" என்றார். குச்சியை நம்பாதே என்றாரா, ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றாரா, என்ன வியாதி என்றாரா? இதுதான் சின்னக் கடை. நாம் சொன்னதை அப்படியே நம்புகிறார்கள்.

நேற்று சனிக்கிழமை போய் வாங்கிக்கொண்டு வந்தேன். மார்த்தாள் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது இன்னா, பூட்ஸா தொட்டிலா?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஜெயம்மாள் ஒன்றைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். என் முகத்தில் செங்கல்பட்டுக்காரன் கேட்ட கேள்வி எழுதியிருந்திருக்கும். "நைனா, அவருக்குக் காலு இன்னாவா கீது?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். அப்போது உள்ளே போனவள்தான். போதாக்குறைக்கு, கல்யாணத்துக்காகச் சுவரில் இருக்கும் நல்ல மேய்ப்பர் இயேசு படத்துக்குப் புதுக் கண்ணாடி போட மார்த்தாள் அளவு கொடுத்திருந்தாள், அதுவும் நேற்று வந்தது, குறைவாக வெட்டிவிட்டார் கண்ணாடிக்காரர். மேய்ப்பரின் தலையும் தோளும் ஆட்டுக்குட்டியும் கண்ணாடிக்குள் இருக்கின்றன, பாதம் மட்டும் வெளியே நிற்கிறது. இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் காலில்தான் வந்து நிற்கிறது.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்கள் பெருநகர் போக வேண்டும். மாப்பிள்ளை கம்பத்தில் ஏறும்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு ஒரு கார்டு போடுங்கள். கார்டைப் போஸ்டாபீசில் எல்லாரும் படிக்கிறார்கள், கால் என்று எழுத வேண்டாம், அரிசி என்று எழுதுங்கள், மில்லில் இருப்பவர் எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அரிசியில் கல் இல்லை என்று எழுதினால் நாங்கள் வருகிற 24-ந் தேதி புதன்கிழமைக்குப் பந்தல் போடுகிறோம். கல் இருக்கிறது என்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நல்ல பையன் மச்சான். காலைக் காரணம் காட்டி ஒருவரை வேண்டாமென்று தள்ள நான் யார்? அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஜெயம்மாளைப் பார்த்தால் துணிந்து கொடுக்கவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் நிச்சயம். என் ஆயுசு உள்ளவரை கம்பெனிக் கடை வாசலை மிதிக்க மாட்டேன், மனுஷனை மனுஷனாக விசாரிக்காத இடத்தில் எனக்கென்ன வேலை? நீங்களும் போகாதீர்கள்.

உங்கள் வீட்டாரையும் மில்லையும் கர்த்தர் தம் செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மார்த்தாள் பேசினால் அவளும் தோத்திரம் சொல்லியிருப்பாள்.

இப்படிக்கு, உங்களால் அலைந்த,
ம. சாமுவேல்.

பின்குறிப்பு: பெருநகர் போக வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை கேட்கப் போனேன். மார்த்தாள் மேய்ப்பர் படத்தை இறக்கி வைத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்து ஈர்க்கை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரு நெல்கூட இடைவெளியில்லாமல் பொருந்துகிறது. படத்துக்கு அவள் ஈர்க்கில் எடுத்த அளவையும் தாளில் சுற்றி அதே டிரங்குப் பெட்டியில் பைபிளோடுதான் வைத்தாளாம். மேய்ப்பருக்கு நான் பூட்ஸ் தைத்திருக்கிறேன், மாப்பிள்ளைக்கு அவள் கண்ணாடி வெட்டியிருக்கிறாள். கண்ணாடிக்காரரிடம் ஓடிப்போய் அந்த ஈர்க்கை வாங்கி வந்தோம், பத்தங்குலம்கூட இல்லை. தங்கமான கால். ஜெயம்மாள் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். மார்த்தாள் பேச ஆரம்பித்துவிட்டாள், இன்னும் நிறுத்தவில்லை. எல்லப்பன் பூட்ஸ் ஒன்றில் கோழி முட்டையிட்டுவிட்டது.

மேலே எழுதாமல் விட்ட விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்கு எழுதிய பொய்யில் அதுவும் சேரும். காஞ்சிபுரத்தில் அந்த ஆள் எனக்கு ஒரு ஜோடி போட்டுப் பார்த்தான் என்றேன் அல்லவா? ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு எனக்குக் கீழே உட்கார்ந்தான். என் காலைப் பிடித்துத் தன் மடியில் வைத்தான். தார் ரோட்டில் நடந்த கால், தூசி. கையாலேயே தட்டிவிட்டான். நான் வெடுக்கென்று இழுத்தேன், "பரவால்ல சார், குடுங்க" என்று மறுபடியும் பிடித்துக்கொண்டான். எனக்கு அறுபத்திரண்டு வயசு. மார்த்தாளைத் தவிர யாரும் என் காலைத் தொட்டதில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று அவன் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், சொன்ன பிறகு என்ன ஆகியிருக்குமோ தெரியாது. பாண்டுரங்கன் கேட்ட அத்தனை கேள்வியும் அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும் மச்சான். எல்லப்பன் கேட்டது வேறு, கேட்டுவிட்டு இடம் விட்டார், அவருக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். ஆனால் கேட்காமலேயே காலைப் பிடித்தவன் அந்தக் கம்பெனிக்காரன்தான். யாரென்று கேட்க மாட்டான் என்று நீங்கள் எழுதியதை நான் குறையாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

மாப்பிள்ளையை லீவு போடச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். நாளை மறுநாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம், அதே கடை, அதே நாற்காலி. ஈர்க்கு வேண்டாம், கால் வருகிறது. அவன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அருள்தாஸின் காலை மடியில் எடுத்து வைக்கும்போது நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் குடையையும் கேட்க வேண்டும். இந்தத் தடவை வாசலில் எதையும் கழற்ற மாட்டேன், கழற்ற என்னிடம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.